பயமுறுத்தும் பையன்கள்: பிரிட்டிஷ் திரையில் ஒரு மரபு

1950இல் வந்த ‘தி புளூ லேம்ப்’ படத்தில் டாம் ரைலி என்ற இளைஞன், ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு கான்ஸ்டபிளைச் சுட்டுவிடுகிறான். வொயிட் சிட்டி நாய்ப் பந்தய மைதானத்தில் அவனை வளைத்துப் பிடிக்க, லண்டனின் பழைய கேடிகளே போலீஸுக்குக் கைகொடுக்கிறார்கள். தொழில்முறைத் திருடனுக்குக்கூட ஒரு நெறி உண்டு, இந்தப் பொடியன்களுக்கு அதுவும் கிடையாது என்பது படத்தின் கட்சி. ‘பிரைட்டன் ராக்’ படத்தின் பிங்கி இவனுக்கு முன்பே திரைக்கு வந்தவன்தான். ஆனால் அவன் ஒரு கோஷ்டியின் தலைவன். ரைலியோ எந்தத் தெருவிலும் முளைக்கக்கூடியவன். பயத்துக்கு இலக்கணம் வகுத்தவன் அவனே.

1953இல் லூயிஸ் கில்பர்ட்டின் ‘காஷ் பாய்’ இதற்கு மருந்தும் எழுதித் தந்தது. கடைசியில் மாற்றாந்தகப்பன் பெல்ட்டைக் கையில் எடுக்கிறார். கைதுசெய்ய வந்த போலீஸ் சற்று வழிவிடுகிறது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்கிற அதே வைத்தியம்!

இதற்கு மாறாக, கென் லோச்சின் ‘கெஸ்’ (1969) போன்ற படங்கள் பையனின் பக்கமே நின்றன. குப்ரிக்கின் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ (1971) தனி ரகம்: நாயகன் அலெக்ஸின் வெறியாட்டத்தை அவன் கண்ணாலேயே ரசிக்கவைத்தது. அதைப் பார்த்துக் குற்றம் செய்கிறார்கள் என்று பத்திரிகைகள் கூச்சலிட, 1973இல் குப்ரிக்கே பிரிட்டனில் படத்தை நிறுத்திக்கொண்டார். அவர் 1999இல் இறக்கும்வரை அங்கே அது திரைக்குத் திரும்பவில்லை.

2005இல் கென்ட்டின் புளூவாட்டர் வணிக வளாகம் தலையை மூடும் ஹூடி அணிந்து வரத் தடை விதித்தது. சினிமாவும் அந்த வளாகத்துக் காவலாளியின் கண்ணையே இரவல் வாங்கிக்கொண்டது. ‘ஹாரி பிரவுன்’ (2009) படத்தில் மைக்கேல் கெய்ன் முதுமையையும் தனிமையையும் அற்புதமாகச் சுமக்கிறார். எதிரே சுரங்கப்பாதையில் நிற்கும் பையன்களுக்கோ முகமே இல்லை. ‘ஈடன் லேக்’ (2008) இன்னும் விபரீதம். கேமரா கடைசியில் பையனின் வீட்டுக்குள் போகத்தான் செய்கிறது. அங்கே பெற்றோர் அவனைவிடக் கொடூரமானவர்கள். ஒரு வர்க்கமே பேயாகிவிடுகிறது. திகில் படமாக அது நேர்த்தியானது, அதனாலேயே எனக்கு அதன்மீது கோபம் அதிகம்.

இந்த மரபில் ஒரு படத்தை நான் அளப்பது அந்த வீட்டு வாசலில்தான். ஜோ கார்னிஷின் ‘அட்டாக் த பிளாக்’ (2011) ஒரு நர்ஸைக் கத்திமுனையில் வழிமறிக்கும் கும்பலோடு தொடங்குகிறது. வேற்றுக்கிரக மிருகங்கள் வந்த பிறகு, ஜான் பொயேகா நடித்த தலைவன் மோசஸின் ஃபிளாட்டுக்குள் அதே நர்ஸ் போகவேண்டி வருகிறது. அவனுக்கு வயது 15 என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. அதற்காக வழிப்பறியைப் படம் மன்னித்துவிடவில்லை. மிருகங்கள் அவர்களைத் துரத்துவதற்கே மோசஸ் முதலில் செய்த ஒரு கொலைதான் காரணம் என்று கணக்கு வைக்கிறது.