காற்றுக் கோட்டைக்கு ஏற்ற வண்டி

இங்கிலாந்தின் ஊர்களில், மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் முடியும் வரை, சனி ஞாயிறு வந்துவிட்டால், வீட்டுத் தோட்டங்களிலும் பள்ளி மைதானங்களிலும் குழந்தைகளின் பிறந்தநாளை முன்னிட்டுப் ‘பவுன்சி காஸில்’ என்னும் காற்றடைத்த கோட்டைகள் காலையில் எழுந்து நிற்பதும், மாலையில் அவை சுருண்டு ஒரு வண்டிக்குள் அடங்கிப் போவதும் சாதாரணக் காட்சி. அவற்றை வாடகைக்கு விடும் தொழில் சிறு முதலுடையவர்களின் தொழில். வார நாட்களில் வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டு, வாரக் கடைசியில் மட்டும் கணவனும் மனைவியுமாக நடத்துகிற குடும்பங்கள் அதில் உண்டு. புதிதாக இறங்குகிறவர்கள் கோட்டையின் வர்ணத்தையும் சித்திரத்தையும் பற்றி நெடுநாள் ஆலோசித்துவிட்டு, வண்டி விஷயத்தை மட்டும் ‘கைப்பணத்துக்குக் கிடைப்பதில் பெரியதாக ஒன்று’ என்ற ஒரே எண்ணத்தோடு முடித்துவிடும் வழக்கம் இருக்கிறது. இந்த வழக்கத்தில் நியாயமும் உண்டு, பெருங்குறையும் உண்டு. அந்தக் குறை பணநஷ்டத்தோடு நில்லாமல் குழந்தைகளின் உயிர் வரை எட்டக்கூடியது என்பதால், அதைச் சற்று விரிவாக ஆராய்வது அவசியம் என்று கருதுகிறேன்.

பெரிய வண்டியை நாடுவதற்கு இத்தொழிலின் இயல்பே காரணம். வாடகைக்குக் கேட்பவர்கள் அத்தனை பேரும் ஒரே கிழமையில், ஏறக்குறைய ஒரே வேளையில் கேட்கிறார்கள். விருந்து பதினொரு மணிக்கென்றால் பத்தரைக்குள் கோட்டை காற்றேறி நிற்க வேண்டும். காலையில் மூன்று வீடுகளுக்குப் போக வேண்டியவர் ஒவ்வொரு முறையும் கிடங்குக்குத் திரும்பி வந்து அடுத்ததை ஏற்றுவாரானால், அந்தக் காலைப்பொழுது வீதியிலேயே கழிந்துவிடும். மூன்றையும் ஒருமிக்க ஏற்றிக்கொண்டு புறப்படுகிறவருக்கு அந்தக் கவலையில்லை. ஃபோர்டு டிரான்சிட், மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் போன்றவற்றின் உயர்ந்த கூரை வேன்களில் ஆள் நிமிர்ந்து நின்று சுருள்களை அடுக்கலாம். காற்றூதும் இயந்திரங்களுக்கும் பாய்களுக்கும் தனித்தனியே தட்டுகள் அமைத்துக்கொள்ளலாம். இவையெல்லாம் மெய்யான சௌகரியங்கள். இவற்றைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

ஆனால் காற்றுக் கோட்டையை ஏற்றுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதன்று, எவ்வளவு கனக்கும் என்பதே. பன்னிரண்டடிச் சதுரமான சாதாரணக் கோட்டையொன்று, பி.வி.சி. பூசிய கெட்டித் துணியால் தைக்கப்படுவதாகையால், சுருட்டிக் கட்டிய பின் ஒருவர் கைகளுக்குள் அணைத்துக்கொள்ளும் அளவே இருந்தும் எழுபது எண்பது கிலோ எடையுள்ளது. சறுக்கு சேர்ந்ததானால் நூறைத் தாண்டும். மழையில் நனைந்து தையல்களின் வழியே நீர் உட்புகுந்து தங்கிவிட்டால் அதற்கும் மேலாகும். இந்த எடைக்கு எதிரே சட்டம் ஓர் எல்லையை நிறுத்தியிருக்கிறது. பிரிட்டனில் 1997 ஜனவரி 1 முதல் கார் ஓட்டும் பரீட்சையில் தேறியவர், அந்த உரிமத்தைக்கொண்டு ஓட்டும் பெட்ரோல் அல்லது டீசல் வண்டி, சுமையையும் சேர்த்து 3,500 கிலோவுக்கு மேற்படலாகாது. அதற்கு முன் தேறியவர்களுக்கு ஏழரை டன் வரை உரிமை இருந்தபோதிலும், மூன்றரை டன்னைக் கடந்த சரக்கு வண்டியைத் தொழிலுக்கு வைத்துக்கொண்டால், பொதுவாகத் தனி இயக்குநர் உரிமமும், ஓட்டும் நேரத்தைப் பதிவு செய்யும் டாக்கோகிராஃப் கருவியும் பின்தொடர்ந்து வருகின்றன. வாரக் கடைசித் தொழில் அந்தச் செலவையும் கட்டுப்பாட்டையும் தாங்காது.

ஆகவே மூன்றரை டன் என்பது பெரும்பாலோருக்கு உச்சவரம்பு. வரம்பு மாறாதிருக்க, வண்டியின் உடல் பெருகப் பெருக அதன் சொந்த எடை பெருகி, ஏற்றத்தக்க சுமை குறைந்துகொண்டே வருகிறது என்பதைத்தான் புதியவர்கள் கவனிப்பதில்லை. ஓட்டுநரின் தலைக்கு மேலும் பெட்டி நீண்டிருக்கும் ‘லூட்டன்’ வேன், அதிலும் பின்புறம் சுமையை ஏற்றியிறக்கும் ‘டெயில் லிஃப்ட்’ மேடை பொருத்தியது, பார்வைக்கு ஒரு வீட்டையே கொள்ளும் போலத் தோன்றினாலும், அதில் நியாயமாக ஏற்றக்கூடியது பெரும்பாலும் ஒரு டன்னை ஒட்டியே நிற்கும். அதைவிடச் சிறிதாய்த் தெரிகிற சாதாரண வேன், அதே மூன்றரை டன் வகையில், இன்னும் சில நூறு கிலோ கூடுதலாகச் சுமக்கும். இடமிருக்கிறதே என்று நிரப்பிக்கொண்டே போகிறவர், தம்மை அறியாமலே சட்டத்தையும் பிரேக்கின் சக்தியையும் மீறிவிடுகிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோட்டைகள் மூன்றுக்கு 300 கிலோ. காற்றூதிகள், முளைகள், பாய்கள், மின்கம்பிகள், தள்ளுவண்டி எல்லாம் சேர்ந்து 140. ஆட்கள் இருவருக்கு 160. ஆக 600 கிலோ. இம்மட்டில் நடுத்தர அளவுள்ள டிரான்சிட் கஸ்டமோ வாக்ஸ்ஹால் விவாரோவோ தாராளமாகப் போதும். ஆனால் கோட்டை எழும்பப்போவது புல்தரையில்தானா என்ற கேள்வி ஒன்று பாக்கியிருக்கிறது. புல்தரையானால் இரும்பு முளைகள் போதும்; இ.என். 14960 என்ற தரவிதி அவை குறைந்தது 380 மில்லிமீட்டர் நீளமும் 16 மில்லிமீட்டர் விட்டமும் உடையவையாக இருக்க வேண்டும் என்றும், கோட்டைக்கு ஆறு பிணைப்பிடங்களாவது வேண்டும் என்றும் சொல்கிறது. கல் பாவிய முற்றத்திலோ தார் போட்ட பள்ளி மைதானத்திலோ முளை இறங்காது. அங்கே பிணைப்பிடம் ஒவ்வொன்றுக்கும் 163 கிலோ எடை கட்ட வேண்டும் என்பது பிரிட்டனில் நிலவும் பாதுகாப்பு வழிகாட்டுதல். ஒவ்வொரு பிணைப்பும் 1,600 நியூட்டன் இழுப்பைத் தாங்க வேண்டும் என்பதிலிருந்து பிறந்த எண் அது. ஆறு பிணைப்பிடங்களுக்கு 978 கிலோ! எண்பது கிலோ கோட்டையொன்றை நிறுத்துவதற்கு ஏறக்குறைய ஒரு டன் எடை. முன்சொன்ன 600 கிலோவோடு இதைச் சேர்த்தால், உச்சவரம்புக்கு உட்பட்ட வேன்களில் இதைச் சுமப்பது அரிதினும் அரிது.

இந்த இடத்தில்தான் வண்டித் தேர்வு, சௌகரியப் பிரச்சினையாக இருப்பது போய்த் தர்மப் பிரச்சினையாகிறது. வண்டியில் எடைகளுக்கு இடமோ தாங்குசக்தியோ வைத்துக்கொள்ளாமல் வருகிறவர், முற்றம் முழுதும் கல் பாவியிருப்பதை வந்த பிறகு காண்கிறார். வாசலில் குழந்தைகள் காத்து நிற்கிறார்கள். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது. அந்த நிலையில் ‘இன்று காற்றில்லையே’ என்று மனம் தேடிக்கொள்ளும் சமாதானத்தை நான் மிகவும் அஞ்சுகிறேன். மணிக்கு 38 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் கோட்டையைப் பயன்படுத்தலாகாது என்பது விதியானாலும், அந்த வேகத்துக்கு உட்பட்ட காற்றைத் தாங்கவே பிணைப்பு முழுமையாக இருக்க வேண்டும். 2016 மார்ச்சில் எஸ்ஸெக்ஸிலுள்ள ஹார்லோ நகரப் பூங்காவில் நடந்த ஈஸ்டர் கேளிக்கையில் ஒரு கோட்டையைக் காற்று பெயர்த்து எறிந்ததில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி மாண்டாள். கோட்டையைத் தக்கபடி நிலத்தோடு பிணைக்கத் தவறியதற்கும் வானிலையைக் கவனிக்கத் தவறியதற்கும், அதை நடத்திய இருவர் 2018இல் சிறைத் தண்டனை பெற்றார்கள். அந்த வழக்கு வண்டியைப் பற்றியதன்று. பிணைப்பு குறைந்தால் என்ன நேரும் என்பதற்கே அதை எடுத்துக்காட்டுகிறேன்.

வழியே இல்லையென்பதில்லை. வெறும் பீப்பாய்களை ஏற்றிச் சென்று அவ்விடத்திலேயே நீர் நிரப்பினால் எடைப் பிரச்சினை இடப் பிரச்சினையாக மாறுகிறது. அப்போது பெரிய உடலுள்ள வண்டிக்கு உண்மையான பிரயோஜனம் பிறக்கிறது. ஆயினும் நிமிஷத்துக்குப் பதினைந்து லிட்டர் தரும் தோட்டக் குழாயில் அத்தனை நீரைப் பிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அதற்கு அவகாசமில்லாதவர் புல்தரைக்கு மட்டுமே கோட்டை தருவதென்று முன்பதிவின்போதே கண்டிப்பாகச் சொல்லிவிடுவது நல்லது.

காருக்குப் பின்னால் டிரெய்லரை இழுத்துச் சென்று தொழில் தொடங்குவதைச் சிலர் கௌரவக் குறைவாக எண்ணுகிறார்கள். எனக்கு அதில் மதிப்பு அதிகம். பிரேக்கில்லாத சிறு டிரெய்லர் மொத்தம் 750 கிலோவுக்கு உட்பட்டது. தன் எடை போக இரண்டு மூன்று கோட்டைகளை அது தாங்கும். 2021 டிசம்பர் 16 முதல், 1997க்குப் பின் உரிமம் பெற்றவர்களும் தனிப் பரீட்சையின்றி 3,500 கிலோ வரையுள்ள டிரெய்லரை, கார் தாங்குமளவுக்கு, இழுக்கலாம் என்றானபின் இந்த வழி இன்னும் விரிந்திருக்கிறது. தளம் தாழ்வாக இருப்பதால் நூறு கிலோச் சுருளைத் தூக்காமல் உருட்டியே ஏற்றலாம். முதுகை வைத்துப் பிழைக்கும் தொழிலில் இது சிறிய லாபமன்று. வாரநாட்களில் கழற்றி வைத்துவிட்டால் கார் குடும்பத்துக்கு உதவும். நெருங்கிய வீடுகளுள்ள தெருக்களில் பின்னோக்கிச் செலுத்துவது கடினம், நிறுத்த இரட்டை இடம் வேண்டும், பூட்டில்லாவிட்டால் திருட்டுப்போகும் என்பவை அதன் குறைகள்.

மலிவென்று பழைய டீசல் வேனை வாங்குகிறவர் லண்டனில் தொழில் நடத்துவதாயின் வேறொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிந்துவிட்ட புகைக் கட்டுப்பாட்டு மண்டலத்தில், யூரோ 6 தரத்தை எட்டாத டீசல் வேன் ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்ட வேண்டும். ஒரு கோட்டையின் நாள் வாடகை நூறு பவுண்டென்றே வைத்தாலும் எட்டில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். மாலையில் ஒப்படைத்து மறுநாள் காலையில் திரும்ப எடுப்பதென்றால் அது இருமடங்கு.

என் அபிப்பிராயத்தில், இரண்டு மூன்று கோட்டைகளோடு தொடங்குகிற குடும்பத்துக்கு, இழுக்கும் சக்தியுள்ள கார் முன்னமே இருந்தால் டிரெய்லரும், இல்லாவிட்டால் யூரோ 6 தரமுள்ள நடுத்தர வேனும் ஏற்றவை. பள்ளிகளின் வாடகையை நாடித் தார்த்தரையில் அடிக்கடி கோட்டை கட்ட நேரும்போதுதான் பெரிய வேனைப் பற்றி நினைக்கலாம், அதுவும் டெயில் லிஃப்டின் எடையைக் கழித்துப் பார்த்த பிறகு. எதை வாங்குவதாயினும், பணம் கொடுக்குமுன் வண்டியில் பதித்திருக்கும் தகட்டில் மொத்த எடையையும் ஒவ்வோர் அச்சின் வரம்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். வாங்கியபின், தம்முடைய கோட்டைகள், எடைகள், உதவியாள் எல்லாவற்றோடும் ஒருமுறை பொது எடைமேடையில் ஏறி இறங்கி, அந்தச் சீட்டை வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். நனைந்த கோட்டைகளோடு திரும்பும் ஒரு மாலையிலும் அதே மேடைக்குப் போவது உத்தமம். காலையில் வரம்புக்குள் இருந்த வண்டி அப்போது வெளியே நிற்கக்கூடும்.