கேரிக்குப் பொருந்தியது, பில்லிக்குப் பொருந்தவில்லை

1994-ல் நியூயார்க் லிங்கன் சென்டரில் ‘கரோசல்’ இசை நாடகம் மறுபடி மேடையேறியபோது, கேரி என்ற மில் தொழிலாளிப் பெண்ணாக வந்தவர் ஆட்ரா மெக்டொனால்ட். கதை நடப்பது 1873-ல், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலக் கடலோரத்தில். அந்தக் காலத்தில் அந்த ஊரில் ஒரு கறுப்பினப் பெண் ஊரறிய ஒரு வெள்ளைக்கார மீனவரைக் கல்யாணம் செய்துகொண்டு, கௌரவமான குடும்பத்தலைவியாக வலம் வந்திருக்க முடியுமா என்று வரலாற்றுப் பேராசிரியர் கேட்கலாம். பார்வையாளர்களை அது உறுத்தவில்லை. 23 வயதில் ஆட்ராவுக்கு முதல் டோனி விருது கிடைத்தது.

அதே தயாரிப்பு 1992-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் தொடங்கியது. இயக்குநர் நிக்கோலஸ் ஹைட்னர். அங்கே கேரி வெள்ளைக்காரர். அவளைக் கட்டிக்கொள்ளும் ஈனாக் ஸ்னோவாக நடித்தவர் கறுப்பினத்தவரான கிளைவ் ரோ. அட்லாண்டிக்கைத் தாண்டியதும் நிறம் கணவனிடமிருந்து மனைவிக்கு இடம் மாறிவிட்டது. கதைக்கு ஒரு சேதமும் இல்லை. காரணம், அந்த ஜோடி நாடகத்தின் கலகலப்புப் பகுதி. வீடு, படகு, வரிசையாகக் குழந்தைகள், ஊரில் நல்ல பெயர் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஆசை இல்லை. அந்த ஆசை எதுவும் தோலின் நிறத்தில் சாய்ந்து நிற்கவில்லை.

2018-க்கு வருவோம். அதே ‘கரோசல்’, பிராட்வேயின் இம்பீரியல் தியேட்டர், இயக்குநர் ஜாக் ஓ’பிரையன். இந்த முறை நாயகன் பில்லியாக ஜோஷுவா ஹென்றி என்ற கறுப்பின நடிகர். மனைவி ஜூலியாக ஜெஸ்ஸி முல்லர் என்ற வெள்ளைக்காரர். ஹென்றியின் குரலைக் குறை சொல்ல வழியில்லை. அப்பா ஆகப்போகிறோம் என்று தெரிந்ததும் பில்லி தனியாக நின்று பாடும் ஏழெட்டு நிமிடப் பாட்டு அமெரிக்க இசை நாடகத்தின் பெரிய மலைகளில் ஒன்று, அவர் ஏறிவிட்டார்.

ஆனால் பில்லி மனைவியை அடிக்கிறவன். கத்தியோடு கொள்ளையடிக்கப் போய்ச் சாகிறவன். இறந்த பின் ஒரே ஒரு நாள் பூமிக்குத் திரும்பி வந்து, தன் மகளையும் அடிக்கிறவன். கறுப்பின ஆண் என்றால் முரடன், அவனிடம் வெள்ளைக்காரப் பெண் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்ற பழைய அவதூறு அந்த நாட்டில் எத்தனை பேர் உயிரைக் குடித்திருக்கிறது என்பது தெரிந்ததே. பார்வையாளர் அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர முடியாது. நாடகத்திலேயே ஒரு வழி இருந்தது. தொடக்கத்தில், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இருவரிடமும் போலீஸ்காரர் வந்து, இவனை நம்பாதே என்று ஜூலியை எச்சரிக்கிறார். கறுப்பின பில்லி அங்கே இருக்கும்போது அந்தக் காட்சிக்கு வேறு கனம் வந்திருக்க வேண்டும். தப்பு செய்வதற்கு முன்பே சந்தேகிக்கப்படுகிறவன் என்ற இழை அங்கிருந்து கிளம்பி கடைசி வரை ஓடியிருக்கலாம். தயாரிப்பு அதைக் கையில் எடுக்கவில்லை. யாரும் எதையும் கவனிக்கவில்லை என்பதுபோல் நகர்ந்துவிட்டது. நடிகர் தேர்வில் துணிச்சல் காட்டியவர்கள் இயக்கத்தில் பின்வாங்கினார்கள் என்பது என் கணிப்பு.

ஆக, நிறம் பார்க்காமல் ஆள் எடுப்பது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. கதையின் பாரம் எங்கே இறங்குகிறது என்று பாத்திரம் பாத்திரமாகப் பார்க்க வேண்டும். யாருக்காகக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்பதும் கணக்கில் சேரும். 1990-ல் ‘மிஸ் சைகான்’ பிராட்வேக்கு வரவிருந்தபோது, பாதி வியட்நாமியரான எஞ்சினியர் பாத்திரத்தை ஜோனதன் பிரைஸ் என்ற வெல்ஷ்காரர் செய்வதை அமெரிக்க மேடை நடிகர் சங்கம் எதிர்த்தது. தயாரிப்பாளர் கேமரன் மெக்கின்டாஷ் நாடகத்தையே ரத்து செய்வதாக அறிவித்ததும் சங்கம் இறங்கி வந்தது. எல்லா வேஷமும் ஏற்கெனவே கிடைக்கிறவருக்காகக் கண்ணை மூடுவதில் என்ன தாராளம் இருக்கிறது?

ஆண் பாத்திரத்தைப் பெண் ஏற்பதில் சிக்கல் வேறு மாதிரி. வசன நாடகத்துக்கு இல்லாத தலைவலி ஒன்று இங்கே உண்டு: சுருதி. பெண் குரலுக்காக அதை மாற்றினால் வாத்தியங்களின் சேர்க்கை மாறும். சேர்ந்து பாடுகிற இடங்களில் யார் மேலே, யார் கீழே என்ற கணக்கு கலையும். (1935-ல் ‘பக்த நந்தனார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே நடித்தார். அந்தக் குரலுக்குச் சுருதி ஒரு பிரச்சினையே இல்லை.)

ஆண் பாத்திரத்தைப் பெண்ணாக்கும் வேலையை முழுதாகச் செய்தவர் இயக்குநர் மரியான் எலியட். இசையமைப்பாளர் சோண்ட்ஹைமின் ‘கம்பெனி’ 1970-ல் வந்தபோது நாயகன் பாபி, 35 வயது பிரம்மச்சாரி. 2018 லண்டன் தயாரிப்பில் எலியட் அவனைப் பெண்ணாக்கினார். நடித்தவர் ரோசலி கிரெய்க். இன்றைக்கு 35 வயது ஆண் தனியாக இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. அதே வயதுப் பெண்ணை ஊரே கேள்வி கேட்கும் (நம் ஊரில் 27-லேயே தொடங்கிவிடும்). பழசாகிப்போயிருந்த கேள்விக்கு ஒரே மாற்றத்தில் உயிர் வந்தது. மூன்று காதலிகள் மூன்று காதலர்கள் ஆனார்கள். கல்யாணக் காலையில் மூச்சு விடாமல் பாடிப் பதறும் மணப்பெண் ஏமி, ஜேமி என்ற மணமகன் ஆனாள். அந்த ஒரு பாட்டில் அரங்கை அள்ளிக்கொண்டு போன ஜோனதன் பெய்லிக்கு ஒலிவியர் விருது. தயங்கிச் சம்மதித்த சோண்ட்ஹைம், பாட்டு வரிகளையும் மாற்றிக் கொடுத்தார். இதில் கண்ணை மூடிய இடம் எதுவுமே கிடையாது.

சுருதியே வழிவிட்ட பாத்திரமும் உண்டு. ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ 1970-ல் இசைத்தட்டாக வந்தபோது இயேசுவாகப் பாடியவர் டீப் பர்ப்பிள் குழுவின் இயன் கில்லன். அவருடைய உச்ச ஸ்தாயி அலறலைப் பல ஆண் பாடகர்கள் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். பெண் குரலுக்கு அது சொந்த வீடு. 2025 ஆகஸ்டில் ஹாலிவுட் பௌலில் சிந்தியா எரிவோ இயேசுவானபோது இசைப்படி அதில் விபரீதம் ஒன்றும் இல்லை.

அந்தத் தேர்வில் என்னைக் கவர்ந்தது யூதாஸ். 1971 பிராட்வே மேடையில் பென் வெரீன், 1973 படத்தில் கார்ல் ஆண்டர்சன் என யூதாஸ் கறுப்பினத்தவர், இயேசு வெள்ளைக்காரர் என்று ஒரு வழக்கமே உருவாகியிருந்தது. திறமைக்காகத்தான் எடுத்தோம் என்றாலும், காட்டிக்கொடுக்கிறவன் யார் நிறத்தில் இருக்கிறான் என்பது கண்ணில் படாமல் போகாது. ஹாலிவுட் பௌலில் கறுப்பினப் பெண் இயேசுவாக நிற்க, யூதாஸாக வந்தவர் வெள்ளைக்காரரான ஆடம் லாம்பர்ட்.