கூடைப்பந்துக் கதையும் நன்னூற் குற்றங்களும்

நூலுக்கு வரும் குற்றங்களைப் பத்தாக வகுத்துக் காட்டியது நன்னூல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய அவ்விலக்கணத்தைக் கொண்டு ஜப்பானிய அசைபடத் தொடர் ஒன்றை அளக்கப் புகுவது சிலர்க்கு நகைப்பைத் தரலாம். கதையை எழுத்தாற் சொன்னால் என்ன, ஓவியத்தாற் சொன்னால் என்ன? சொல்லும் முறையில் நேரும் பிழை பிழையே. நம் மாணவர் 'அனிமே' என்று அழைக்கும் இத்தொடர்களை விரும்பிக் காண்கின்றனர். அவர்கள் காண்பதை ஒதுக்கிப் பேசுவதினும் ஆராய்ந்து பேசுவதே ஆசிரியர்க்கு அழகு.

ஈண்டு எடுத்துக்கொண்டது 'ஸ்லாம் டங்க்' என்னும் கூடைப்பந்துக் கதை. தக்கேஹிகோ இனோவே 1990 முதல் 1996 வரை 'ஷோனன் ஜம்ப்' வார இதழில் வரைந்த படக்கதை இது. 31 தொகுதிகளாக வெளிவந்தது. கூடைப்பந்தே அறியாத சகுராகி என்னும் முரட்டு மாணவன் விளையாட்டு வீரனாக உருவாவதே கதை. டோயி நிறுவனம் இதனை 1993 முதல் 1996 வரை 101 பகுதிகளாகத் தொலைக்காட்சிக்கு ஆக்கியது.

குறை தோன்றும் இடம் யாது? மூலக்கதை முடிவதற்கு முன்பே தொடர் தொடங்கிவிட்டது. இதழிலும் வாரந்தோறும் கதை. தொலைக்காட்சியிலும் வாரந்தோறும் கதை. படக்கதையின் சில பக்கங்களைத் திரை நொடியில் விழுங்கிவிடும். பின்னால் வருபவன் முன்னால் செல்பவனை எட்டிவிடாதிருக்க நடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. கலையின் தேவையால் வந்த தளர்ச்சியன்று இது. கால அட்டவணையால் வந்தது.

இனி நன்னூலுக்கு வருவோம். சென்ற வாரக் காட்சியை மீண்டும் காட்டுவதும், ஒரே முகத்தின் வியப்பைத் திரும்பத் திரும்பக் காட்டுவதும் கூறியது கூறல். பந்து கையை விட்டுப் புறப்பட்டபின் பார்வையாளர் பலரும் ஆட்டத்தை விளக்கி நிற்பது நின்று பயனின்மை. மூலத்தில் இல்லாத ஆட்டமொன்றை, ஷோயோ, ரியோனன் ஆகிய இரு பள்ளிகளையும் ஓரணியாகச் சேர்த்து, கடைப்பகுதியில் நுழைத்தது மற்றொன்று விரித்தல். இதனையே பிள்ளைகள் 'ஃபில்லர்' என்பர். முடிவில் தேசியப் போட்டிக்குப் புறப்படும் கட்டத்திலேயே தொடர் நின்றுவிடுகிறது. இது சென்று தேய்ந்து இறுதல்.

இக்கடைசிக் குற்றமே பெரிது. சகுராகி பந்தைத் தரையில் தட்டிப் பழகும் தொடக்கக் காட்சிகள் மெதுவானவை. ஆயினும் வீண் அல்ல. மூலக்கதையில் சன்னோ அணியோடு ஆடும் ஆட்டத்தின் கடைசி நொடியில் அவன் எறியும் எளிய பந்தே வெற்றி தருகிறது. பயிற்சியின் பயன் அங்கே விளைகிறது. பகுதிக்கு 20 நிமிடமெனக் கொண்டாலும் 33 மணி நேரத்துக்கு மேல் அமர்ந்து பார்த்தவர்க்கு உழவு காட்டப்பட்டது, அறுவடை காட்டப்படவில்லை.

'நொடியை நீட்டாமல் வீரனின் மனத்தை எவ்வாறு காட்டுவது?' என வினவுவர் சிலர். நல்ல வினா. விடை கம்பரிடம் உண்டு. கார்முகப் படலத்தில் வில்லைச் சுமந்து வருவோரையும், அதனைக் கண்டோர் பேசுவனவற்றையும், சதானந்தர் கூறும் வரலாற்றையும் அவர் விரித்துரைக்கிறார். வில் முறியும் செயலோ ஒரே பாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. விரிவெல்லாம் செயலுக்கு முன். செயல் வந்தபின் தாமதம் இல்லை. நீட்டுதல் குற்றமன்று, எங்கே நீட்டுவது என்று அறியாமையே குற்றம்.

இந்நோய் ஒரு தொடருக்கு மட்டும் உரியதன்று. 1968 முதல் 1971 வரை வந்த 'கியோஜின் நோ ஹோஷி' என்னும் பேஸ்பால் தொடர் 182 பகுதிகள் ஓடியது. ஒரு பந்து எறியப்படுவதற்குள் நினைவும் கண்ணீரும் நெடுநேரம் ஓடும். அதனைத் தழுவி 2012இல் இந்தியாவில் கிரிக்கெட் கதையாக வந்த 'சூரஜ்' 26 பகுதிகளே கொண்டது.

மருந்தும் ஜப்பானியரே கண்டனர். 'ஹைக்கியூ' என்னும் கைப்பந்துத் தொடரின் மூன்றாம் பருவம் (2016) ஒரே ஆட்டத்துக்குப் பத்துப் பகுதிகளை அளித்தது. ஐந்து செட்டுகள் கொண்ட அவ்வாட்டத்தில் அந்நீளம் தகும். 2022இல் இனோவே தாமே இயக்கிய 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' திரைப்படம், விடுபட்ட சன்னோ ஆட்டத்தை 124 நிமிடத்தில் சொல்லி முடித்தது. இடையிடையே மியாகி என்னும் வீரனின் இளமைத் துயரமும் வருகிறது. எனினும் அஃது இட்டு நிரப்பியதாகத் தோன்றவில்லை. களத்தில் அவன் ஓடும் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் அதுவே காரணமாகிறது. கடைசி நொடிகளில் பேச்சே இல்லை.

மார்சிலிங் வட்டாரத்தில் மாலை வேளையில் கூடைப்பந்தாடும் பிள்ளைகள் காலத்தின் அருமையை நன்கு உணர்ந்தவர்கள். கையில் பந்தை வைத்துக்கொண்டு நிற்பவனை அவர்கள் பொறுப்பதில்லை. அவர்களே கட்டுரை எழுத அமர்ந்தால், சொல் எண்ணிக்கையை நிரப்புவதற்காகக் கூறியதையே கூறுகின்றனர். முடிவுரைக்கு இடமின்றித் தேய்ந்து நிறுத்துகின்றனர். அளவை நிரப்பு என்று கட்டளையிடுவோர் நாம். தொலைக்காட்சி அட்டவணை இனோவேயின் கதைக்குச் செய்ததை நாம் பிள்ளைகளின் எழுத்துக்குச் செய்யலாமா? ஆசிரியர்களும் பெற்றோரும் இதனைச் சிந்தித்தல் நன்று. சொல்ல வேண்டியதைச் சொல்லி நிறுத்தும் துணிவே நல்ல நடையின் முதற்பாடம்.