முள்ளின் நிழலில் வளர்ந்த காடு

மேய்ச்சல் நிலத்தை முட்புதர் மூடினால் விவசாயி என்ன செய்வார்? வெட்டுவார், கொளுத்துவார், மருந்தடிப்பார். நியூசிலாந்தின் பாங்க்ஸ் தீபகற்பத்தில், 1987இல் ஓர் அறக்கட்டளை வாங்கிய 109 ஹெக்டேர் நிலத்தில், ஹ்யூ வில்சன் என்ற தாவர இயல் வல்லுநர் இவற்றில் எதையும் செய்ய மறுத்தார். மூடர்கள், கனவு காண்போர் என்று அவ்வட்டாரத்தில் ஏச்சு எழுந்தது. அந்த ஏச்சே 2019இல் வெளிவந்த 'ஃபூல்ஸ் அண்ட் டிரீமர்ஸ்' என்னும் அரை மணி நேர விவரணப் படத்தின் தலைப்பாயிற்று.

நீங்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம். கோர்ஸ் என்னும் மஞ்சள் பூ முட்செடியை வேலிக்காகக் கொண்டு வந்தவர்கள் வெள்ளையர். அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர் முடிச்சுகளால் மண்ணில் நைட்ரஜன் சேர்க்கும். ஆனால் வெயில் இன்றி வாழாது. அதன் நிழலிலோ உள்நாட்டு மரக்கன்றுகள் சுகமாக வளர்கின்றன. பல ஆண்டுகளில் அவை உயர்ந்து கவிந்ததும், செவிலித்தாயான முட்செடி நிழலில் மடிகிறது. கொளுத்தினாலோ, மண்ணில் உறங்கும் அதன் விதைகள் மறுபடி கிளம்பிவிடும்! ஹினவாய் என்ற அத்தனியார் காப்பகம் இன்று 1,000 ஹெக்டேருக்கு மேல் பரந்துள்ளது.

குறை எங்கே? வில்சனின் பேச்சு அவ்வளவு இனிமை. "சும்மா விட்டால் காடு தானே வரும்" என்ற நினைப்புடனேயே நாம் எழுந்திருக்கிறோம். அவர்கள் சும்மா விடவில்லை. ஆடுமாடுகளை வேலிக்கு வெளியே நிறுத்தினர். கன்றுகளைத் தின்னும் காட்டாடுகளையும் போசம் என்னும் விலங்கையும் கட்டுப்படுத்தினர். பழைய காட்டின் துண்டுகள் எஞ்சியிருந்தன, புறாக்கள் விதை சுமந்தன, மழையும் உண்டு. தவிர, கோர்ஸ் எளிதில் தீப்பற்றும். 2011இல் மின்னலால் மூண்ட தீ காப்பகத்தின் ஒரு பகுதியைப் பொசுக்கியது. வெலிங்டன், நெல்சன் வட்டாரங்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வொன்றோ, கோர்ஸின் கீழ் எழும் காடும் உள்நாட்டுக் கனூக்கா மரத்தின் கீழ் எழும் காடும் ஒன்றல்ல என்று காட்டியது.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. இதே கோர்ஸ் ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரிக்கும் வந்தது. உதகைப் பக்கம் அதன் மஞ்சள் பூவை நீங்களே பார்த்திருக்கலாம். பாங்க்ஸ் தீபகற்பத்துப் புல், காட்டை அழித்து விதைத்த புல். நீலகிரி உச்சியில் சோலைகளுக்கு இடையே உள்ள புல்வெளியோ பல்லாயிரம் ஆண்டுகளாக இயற்கையாகவே இருப்பது. அங்கே முட்புதரைச் செவிலித்தாய் என்று விட்டுவைத்தால், நாம் இழப்பது வரையாடு மேயும் புல்வெளியைத்தான்.