இரைச்சலும் இசையும்: 'காபரே வால்டேர்' குழுவின் பழைய பதிவுகள் – ஒரு மறுநோக்கு

இசை என்று எதைக் கொள்வது, இரைச்சல் என்று எதைத் தள்ளுவது என்னும் வினா நம் வீடுகளில் நாள்தோறும் எழுகின்றது. பிள்ளைகள் கேட்கும் மின்னணு இசையைப் பெரியவர்கள் இரைச்சல் என்கின்றனர். பெரியவர்கள் கேட்பதைப் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பதே இல்லை. இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கு உண்டோ என்பது ஐயமே. ஆயினும், பழைய கோப்பு ஒன்று மேசைக்கு வந்தால் முதற்பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்த பின்னரே குறிப்பு எழுத வேண்டும் என்பது அலுவலகத்தில் நாம் கற்ற பாடம். அம்முறையிலேயே, இங்கிலாந்தின் 'காபரே வால்டேர்' குழுவின் பதிவுகளை, 1974ஆம் ஆண்டின் ஒலிநாடாக்கள் தொடங்கி 2020ஆம் ஆண்டின் தொகுப்பு வரை, ஆண்டு வரிசையில் கேட்டோம். அதன் பயனாக நாம் கண்ட முடிவை இங்கே வைக்கின்றோம்.

இக்குழு பிறந்த ஷெஃபீல்டு ஓர் உருக்கு நகரம். துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரேர்லி 1913இல் உருவாக்கியது அங்கேதான். பட்டறைகளின் பெருஞ்சம்மட்டி ஓசை இரவிலும் ஓயாத அந்நகரில், 1973ஆம் ஆண்டு மூன்று இளைஞர்கள் ஒன்று சேர்ந்தனர். ஸ்டீபன் மாலிண்டர், ரிச்சர்ட் எச். கிர்க், தொலைபேசிப் பொறியாளராகப் பணியாற்றிய கிறிஸ் வாட்சன் என்போர் அவர்கள். முறையாக இசை பயின்று மேடையேறியவர்கள் அல்லர். முதல் உலகப் போரின் நடுவே, 1916இல், சூரிக் நகரில் ஹ்யூகோ பாலும் எம்மி ஹென்னிங்ஸும் தொடங்கிய கலையரங்கின் பெயரைத் தம் குழுவுக்குச் சூட்டிக்கொண்டனர். போரை நடத்திய 'நாகரிகத்தின்' மொழியையே ஏற்க மறுத்த டாடா இயக்கம் அவ்வரங்கில்தான் பிறந்தது. ஆகவே இப்பெயர் வெறும் அணி அன்று. கொள்கை அறிவிப்பே ஆகும்.

1975 மே மாதம் அவர்கள் முதன்முதலாகப் பொதுமேடை ஏறினர். தாளத்துக்கு முழவு இல்லை. நீராவிச் சம்மட்டியின் ஓசையை நாடாவில் பதிந்து, அந்நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, மீண்டும் மீண்டும் சுழலவிட்டனர். ராக் இசையை எதிர்பார்த்து வந்த கூட்டம் கொதித்தெழுந்தது. கைகலப்பில் மாலிண்டரின் முதுகெலும்பில் சில்லு பெயர்ந்து, அவர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. அவ்வூர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த ஓசை அது. பட்டறையில் எழுந்தபோது உழைப்பு எனப்பட்டது. மேடையில் எழுந்தபோது குற்றமாயிற்று. உழைக்கும் ஊரின் ஒலிக்குக் கலையில் இடம் உண்டா என்னும் வழக்கு அன்றே தொடங்கியது எனலாம்.

1974 முதல் 1978 வரை அவர்கள் பதிந்த நாடாக்கள் 2003இல் மூன்று குறுந்தட்டுகளாக வெளிவந்தன. அவற்றில் பெரும்பகுதி சோதனைகளே. பொறுமையைச் சோதிக்கும் துண்டுகளும் பல உள. எல்லாவற்றையும் போற்றுவது திறனாய்வு ஆகாது. ஆனால் அச்சோதனைகளின் பின்னே ஒரு முறை இருந்தது. எழுத்தாளர் வில்லியம் பர்ரோஸும் ஓவியர் பிரையன் கைசினும் அச்சிட்ட தாளைக் கத்தரித்து, மாற்றி ஒட்டிப் புதுப்பொருள் கண்டனர். இவர்கள் அதே கத்தரியை ஒலிநாடாவின்மீது வைத்தனர்.

அக்கத்தரி பயன் தந்தது 1978 முதல் 1981 வரையிலான காலத்தில்தான். 'வெஸ்டர்ன் வொர்க்ஸ்' என்ற பெயரில் பழைய தொழிற்கூடக் கட்டடத்தில் தமக்கென ஒரு பதிவுக்கூடம் அமைத்துக்கொண்டதால், வாடகைக் கணக்குப் பார்த்து விரைய வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. 1980இல் வெளிவந்த 'தி வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா'வின் தலைப்புப் பாடலில், இசைநிகழ்ச்சி ஒன்றுக்குக் காவல் செல்வோருக்கு அதிகாரி ஒருவர் ஆணையிடும் பதிவு கேட்கின்றது. ஆடுவதற்கும் ஓடுவதற்கும் அனுமதி இல்லை என்பதே ஆணை. 1981இல் வந்த வேறொரு பாடலில், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர் ஒருவர் காணிக்கை கேட்டு அதட்டுகின்றார். குழுவினர் அவரைப் பழிக்கவில்லை, மறுக்கவுமில்லை. தாளத்தின்மீது அக்குரலை வைக்கின்றனர், அவ்வளவே. அதட்டல் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கின்றது.

அவர்களுடைய சிகரம் 1981இன் 'ரெட் மெக்கா' என்பது நம் துணிபு. 1958ஆம் ஆண்டின் 'டச் ஆஃப் ஈவில்' திரைப்படத்துக்கு ஹென்றி மான்சினி அமைத்த இசையைத் தழுவி இத்தொகுப்பு தொடங்குகின்றது, அதிலேயே முடிகின்றது. இடையே மெலிந்த ஆர்கன் ஒலி, சோராத பேஸ் கித்தார், சொல் தெளியாதபடி கருவிகளால் திரிக்கப்பட்ட குரல். 1979இல் ஈரானியப் புரட்சி. அமெரிக்காவில் மதவாத அரசியலின் எழுச்சி. 1980இல் பிரிட்டிஷ் உருக்குத் தொழிலாளரின் நெடிய வேலைநிறுத்தம். 1981இல் ஆங்கில நகரங்களில் மூண்ட கலவரங்கள். இவற்றைப் பற்றி ஒரு முழக்கமும் இத்தொகுப்பில் இல்லை. ஆயினும் அக்காலத்தின் அச்சம் முழுதும் இதில் உறைந்துள்ளது.

அவ்வாண்டே வாட்சன் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றில் பணியேற்று விலகினார். எஞ்சிய இருவரும் 1983இல் 'தி கிராக்டவுன்', 1984இல் 'மைக்ரோஃபோனீஸ்' என ஆடல் இசையின் பக்கம் திரும்பினர். விலைபோயினர் என்று பழைய அன்பர் சிலர் குறை கூறுவர். நாம் அதனை ஏற்கவில்லை. ஆடலாகாது என்று ஆணையிட்ட குரலைப் பதிந்தவர்கள், பின்னர் ஆடுவதற்கே இசை அமைத்தனர். இதில் முரண் யாது? 'மைக்ரோஃபோனீஸ்' தொகுப்பின் 'சென்சோரியா'வில் உடல் ஆடினும் செவி விழித்தே இருக்கின்றது.

சரிவு வேறிடத்தில் நேர்ந்தது. 1987இன் 'கோட்' தொகுப்பில் பிறர் குரல்கள் அணிகலன்களாகச் சுருங்கத் தொடங்கின. 1990இன் 'குரூவி, லெய்ட்பேக் அண்ட் நாஸ்டி' சிகாகோவின் மார்ஷல் ஜெபர்சனுடைய துணையுடன் உருவானது. வேலைப்பாட்டில் குறையில்லை, கேட்க இனிமையும் உண்டு. ஆனால் யாருடைய குரலையும் அது கூர்ந்து கேட்கவில்லை. அதே 1990இல், ஷெஃபீல்டின் ஹாட்ஃபீல்ட்ஸ் உருக்காலை நின்ற நிலத்தில் மெடோஹால் என்னும் பெரும் வணிக வளாகம் திறக்கப்பட்டது. ஊரும் குழுவும் ஒரே ஆண்டில் வழவழப்பாயின என்று தோன்றுகின்றது.

நாம் கண்ட அளவுகோல் இதுவே: இக்குழுவை உயர்த்தியது பொறி அன்று, செவி. இதற்குச் சான்று வாட்சனின் பிற்கால வாழ்வு. அவர் இயற்கை ஒலிகளைப் பதியும் கலைஞராகி, டேவிட் அட்டன்பரோவின் தொடர்களுக்குப் பறவை ஒலிகளைத் திரட்டினார். 2003இன் 'வெதர் ரிப்போர்ட்' தொகுப்பில் ஐஸ்லாந்தின் பனியாறு உருகி நகர்வதைக் கேட்கலாம். 2011இன் 'எல் டிரென் ஃபாண்டஸ்மா'வில் மெக்சிகோவின் ரயிலைக் கேட்கலாம். சம்மட்டியைக் கேட்ட அதே செவிதான் பனியையும் கேட்டது. கிர்க் தனியொருவராகக் குழுவின் பெயரில் 2020இல் 'ஷேடோ ஆஃப் ஃபியர்' தொகுப்பை அளித்து, மறு ஆண்டு மறைந்தார். அதில் ஆணையிடும் குரல்கள் மீண்டும் ஒலிப்பது நமக்கு நிறைவு தந்தது.

வள்ளுவர் கேள்விக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அவர் கருதியது சான்றோர் சொல்லைக் கேட்பது. இங்கே பேசுவோர் சான்றோர் அல்லர். எனினும் அதட்டும் குரலை அதட்டலென்று அறிவதற்கும் செவிப் பயிற்சி வேண்டும். தொடங்க விரும்புவோர் பழைய நாடாக்களை விடுத்து 'ரெட் மெக்கா'வில் தொடங்குக. பின்னர் 'தி வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா'வுக்குச் செல்க. கூடுமானால் வீட்டுப் பிள்ளையையும் அருகில் இருத்திக்கொள்க. நாம் அப்படித்தான் கேட்டோம். பாதியில் எழுந்து போய்விடுவான் என்று எண்ணியிருந்தோம், முடியும்வரை இருந்தான். மறுநாள் மாலை, நாம் கேட்கும் பழைய இசைத்தட்டு ஒன்றை வைக்கச் சொல்லி அவனே வந்து அமர்ந்தான்.