கூடத்துப் பொருள்கள்

செட்டிகுளத்தில் என் சித்தி மகன் புது வீடு கட்டியிருக்கிறான். கிரகப்பிரவேசத்துக்குப் போக முடியவில்லை. சில வாரங்கள் கழித்துத்தான் போனேன். காப்பி வருவதற்கு முன்பே என்னைக் கூடத்து நடுவில் நிறுத்தி, "எப்படி இருக்குது அண்ணே?" என்று கேட்டான்.

கண்ணாடி அலமாரியில் தொந்தியோடு சிரிக்கும் சீனக் கிழவர். அவர் தலைக்கு மேலே படத்தில் ஓடும் ஏழு குதிரைகள். வாசலையொட்டிப் பித்தளை உருளியில் பிளாஸ்டிக் தாமரை. எதிர்ச் சுவரில் அரும்பாவூர் மரச்சிற்பம், ஒரு யாளி. ஒவ்வொன்றின் விலையையும் சொன்னான். விலையைத் தவிர அவற்றைப் பற்றிச் சொல்ல அவனிடம் வேறொன்றும் இல்லை.

அந்த யாளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரும்பாவூரும் இதே பெரம்பலூர் மாவட்டத்து ஊர்தான். ஒரே மரத்துண்டிலிருந்து உருவத்தைச் செதுக்கியெடுக்கும் அவ்வூர்ச் சிற்பிகளின் வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேரும் வாகனமும் செய்து பழகிய கைகள். ஆனால் தேரிலிருக்கும் யாளியை நாம் தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கிறோம். தேர் அசைய, அதுவும் நம்மேல் பாய வருகிறது. இங்கே அது டியூப்லைட்டுக்குக் கீழே, கண் மட்டத்தில், ஆணியில் தொங்குகிறது. சிற்பி கொடுத்த பாய்ச்சலைச் சுவர் வாங்கிக்கொண்டுவிட்டது.

செட்டிகுளத்து மலைமேல் நிற்கும் முருகன் கையில் கரும்பு இருக்கிறது. அதை அலங்காரம் என்று யாரும் நினைப்பதில்லை. அந்தக் கரும்பை எடுத்துவிட்டால் அவர் வேறு ஏதோ ஓர் ஊர் முருகனாகிவிடுவார். வீட்டுக் கூடத்துக்கும் இதுதான் கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பொருளை எடுத்துவிட்டால் வீடு வேறு வீடாகிவிட வேண்டும். இல்லையென்றால் அது கடையிலேயே இருந்திருக்கலாம்.

கொல்லைப்புறம் போனேன். வெங்காயப் பட்டறை நிழலில் சித்தி உட்கார்ந்து மரக்காலால் கடலை அளந்துகொண்டிருந்தாள். விளிம்பு நசுங்கிய பழைய மரக்கால். கிலோக் கணக்கு வந்து அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அவள் அதை விடவில்லை.

எனக்குள்ளும் ஒரு கூடத்துப் பைத்தியம் உண்டு. "சித்தி, இதைத் துலக்கி உள்ளே வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!" என்றேன்.

"வச்சுட்டா கடலையை எதுல அளக்கறது தம்பி?" என்றாள். சற்றுப் பொறுத்து, "உங்க சித்தப்பா போனப்ப நெலத்தை வித்துடச் சொன்னாங்க. இதால அளந்து அளந்துதான் கடனை அடைச்சேன்" என்றாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"அவன் அப்ப தொட்டில்ல கெடந்தான்."

அதற்குப் பிறகும் அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அந்த நிலத்தில் விளைந்த பணத்தில்தான் சீனக் கிழவர் வந்திருக்கிறார்.

பழைய பொருளாக இருந்தால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. என் வீட்டு மேஜைமேல் பாட்டியின் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. மெருகு போட்டு, பேனாவும் குண்டூசியும் போட்டு வைத்திருக்கிறேன். வருகிறவர்களெல்லாம் புகழ்கிறார்கள். ஊரிலிருந்து திரும்பிய அன்று இரவு அதைத் திறந்து பார்த்தேன். எந்த அறையில் கடுகு, எந்த அறையில் மிளகு என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டி இருட்டிலும் கை தவறாமல் எடுப்பாள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

தம்பியைக் கேலி செய்ய எனக்கு என்ன யோக்கியதை? அவன் விலையாவது தெரிந்து வைத்திருக்கிறான்.

அத்தை ஒருத்தி இன்னும் இருக்கிறாள், வயது எண்பத்தைந்து. அவளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை பேனாக்கள் வெளியே கிடக்கட்டும்.