காலையில் ஹங் ஜெபாட் சாலை, இரவில் ஹங் ஜெபாட் அரங்கம்

மலாக்காவைப் பார்க்க உலகமே வருகிறது. சிங்கப்பூர்க்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். புக்கிட் ரம்பாயில் குடியிருக்கும் நாம் மட்டும் சனிக்கிழமை வந்தால் காடியைக் கோலாலம்பூர்ப் பக்கம் திருப்புகிறோம். சிரம்பான் தாண்டுவதற்குள் நெரிசலில் மாட்டி, பேரங்காடிக்குள் பாக்கிங் தேடி அலைந்து, பிள்ளைகள் அழுது, வீட்டில் கட்டிப்போட்ட நாய் நாள் முழுக்கக் குரைத்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஞாயிற்றுக்கிழமை பேச்சும் வாங்கி... போதுமடா சாமி! இனிமேல் எங்கள் வீட்டில் அந்தக் கதையே கிடையாது. இரண்டு நாய், இரண்டு பிள்ளை, ஒரு மாமியார், ஒரு வீட்டுக்காரர், ஒரு காற்பந்தாட்டம் என்று எல்லாவற்றையும் ஒரே சனிக்கிழமைக்குள் அடக்கும் வித்தையைக் கண்டுபிடித்துவிட்டோம். இவ்வளவு நல்ல நாளை என் வாழ்க்கையில் நான் அனுபவித்ததில்லை என்று கோயிலில் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்.

இதற்கெல்லாம் மூலகாரணம் என் மகள். இடைநிலைப்பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுகிறாள். நம் நாட்டில் பேஸ்பாலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதன் தங்கச்சியான சாஃப்ட்பால்தான் பள்ளிக்கூடத் திடல்களில் பெண்பிள்ளைகள் கையில் பிழைத்துக் கிடக்கிறது. அவள்தான் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்: "அம்மா, அமெரிக்காவுல பேஸ்பால் மேட்ச்சுக்கு நாயைக் கூட்டிட்டுப் போறாங்க, தெரியுமா?" பொய் இல்லை. சிகாகோ வைட் சாக்ஸ் அணி 1996லேயே நாய்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்கி, அரங்கத்துக்குள் தனி இருக்கைப் பகுதியும் கொடுத்திருக்கிறது. அதே அணி 2016ல் 1,122 நாய்களை ஒரே ஆட்டத்துக்கு வரவழைத்து கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. இப்போது அங்கே பல அணிகள் இதைச் செய்கின்றன. சின்னவன் உடனே கரண்டியைக் கீழே போட்டுவிட்டான். "அப்ப நம்ம பிளேக்கி? நம்ம லட்டு?"

என் வீட்டுக்காரர் காற்பந்துப் பைத்தியம். கே. ராஜகோபால் பயிற்சி கொடுத்த அணி 2010ல் இந்தோனேசியாவை வென்று சுசுகி கிண்ணத்தைத் தூக்கிய இரவில், நடுராத்திரி தாமானையே எழுப்பியவர். அவர் யோசித்துச் சொன்னார்: "பந்தாட்டம் நம்மகிட்ட இருக்கு. நாய் இருக்கு. ரெண்டையும் ஒரே நேரத்துல வெச்சாத்தானே தப்பு? காலையில நாயோட, ராத்திரியில பந்தோட." அட, அந்த மனுசன் வாயில் சர்க்கரை போட வேண்டும்!

நம் அரங்கத்தில் நாயை உள்ளே விடமாட்டார்கள். விட்டாலும் நான் கூட்டிப் போகமாட்டேன். முரசு அடியும் ஊதல் சத்தமும் எங்கள் லட்டுக்கு ஆகாது; தீபாவளி வெடிக்கே கட்டிலுக்கு அடியில் போய் மூன்று நாள் இருக்கும் ஜென்மம் அது. அமெரிக்காக்காரர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் நாய்க்கு எது சந்தோஷம் என்று பார்த்தால் எங்கள் திட்டம்தான் ஒரு படி மேல்.

இந்தத் திட்டம் புக்கிட் ரம்பாய்க்காரர்களுக்கென்றே அமைந்தது. ஹங் ஜெபாட் அரங்கம் குருபோங்கில் இருக்கிறது, நமக்குப் பக்கத்து ஊர் மாதிரி. நகரமும் தூரமில்லை. காலையில் நகரத்துக்குப் போய், மத்தியானம் வீடு திரும்பி நாய்களைக் குளிப்பாட்டித் தூங்கவைத்து, நாமும் ஒரு தூக்கம் போட்டு, இரவு அரங்கத்துக்குப் போகலாம். கோலாலம்பூரில் இருப்பவன் இதற்காக நாய்விடுதிக்குக் காசு கொட்ட வேண்டும்.

ஆயத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. ஊராட்சி மன்றத்தின் நாய் உரிமம், கழுத்தில் அந்த வில்லை, குட்டைக் கயிறு, பெரிய போத்தலில் தண்ணீர், பழைய துண்டு, அள்ளிப்போட பிளாஸ்டிக் பைகள். கடைசியாகச் சொன்னதை மறந்தவன் நாயோடு வெளியே கிளம்பவே லாயக்கில்லாதவன்.

இருட்டோடு கிளம்ப வேண்டும். நம் பக்கம் ஏழு மணிக்குத்தான் வெளிச்சமே வருகிறது. அந்த நேரம் நாம் நகரத்தில் இருக்க வேண்டும். செங் வழியாகப் போகும்போது சன்னாசிமலை ஆண்டவருக்கு அத்தை காடிக்குள்ளிருந்தே ஒரு கும்பிடு போடுவார். மாசி மகத்துக்கு வெள்ளி ரதம் நகரத்திலிருந்து இங்கேதான் வருகிறது. ரதம் வரும் வழியில் நாம் எதிர்த்திசையில் போகிறோம், அவ்வளவுதான்.

முதல் நிறுத்தம் புக்கிட் சீனா. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு ஆசை தீராது. சீனாவுக்கு வெளியே இருக்கும் மிகப் பெரிய சீன இடுகாடுகளில் ஒன்று. பன்னிரண்டாயிரம் சமாதிகளுக்கு மேல் என்கிறார்கள். இடுகாட்டுக்கா காலங்காத்தாலே என்று அத்தை முதலில் முகம் சுளித்தார். மேலே ஏறிப் பார்த்ததும் வாயடைத்துப் போனார். புல் மூடிய மேடு, நிழல் தரும் பெரிய பெரிய மரங்கள், ஒரு பக்கம் நகரத்துக் கூரைகள், தள்ளி நீரிணையின் வெளிறிய கோடு. காலையில் ஓடுகிறவர்கள், கைகளை வீசித் தை-சி பழகும் சீனப் பாட்டிகள், நம்மைப் போல நாய்களோடு வருகிறவர்கள் என்று மேடு முழுக்க ஆள் நடமாட்டம். 1984ல் இந்த மேட்டை வெட்டிச் சமன்படுத்திக் கட்டடம் கட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. சீனச் சமூகம் கொதித்தெழுந்தது, மேடு தப்பியது. அன்றைக்கு அவர்கள் விட்டுக் கொடுத்திருந்தால் இன்றைக்குப் பிளேக்கி இந்தப் புல்லை முகர்ந்து பார்க்க வழியே இல்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு: சமாதிகளின் மேல் நாயை ஏறவிடாதீர்கள், பாதையிலேயே நடத்துங்கள். அங்கே படுத்திருப்பவர்களும் யாரோ ஒருவரின் தாத்தா பாட்டி.

அடிவாரத்தில் 1795ல் கட்டிய போ சான் தெங் கோயிலும், பக்கத்தில் ராஜா கிணறும் இருக்கின்றன. அந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தவர் மறுபடி மலாக்காவுக்கு வருவார் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நாங்கள் இங்கேயே இருப்பவர்கள், எங்களுக்குத் தேவையில்லை என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். போத்தல் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி நாய்களுக்குக் கொடுத்தோம்.

பிறகு செங்கட்டடங்கள். 1650 வாக்கில் டச்சுக்காரன் கட்டிய ஸ்டாட்தைஸ், 1753ல் முடித்த கிறிஸ்து தேவாலயம் என்று புத்தகத்தில் படித்ததையெல்லாம் சின்னவன் நாய்க்கு விளக்கிக் கொண்டு வந்தான். எட்டு மணிக்குச் சதுக்கம் கிட்டத்தட்டக் காலி. படம் எடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. எச்சரிக்கை ஒன்று உண்டு: மலாக்கா திரிஷா. பொம்மையும் பூவும் விளக்குமாக ஒரு வண்டி ஒலிபெருக்கியில் பாட்டை அலறவிட்டுக் கொண்டு வளைந்து வந்தது. லட்டு அப்படியே அத்தையின் சேலைக்குள் புகுந்துகொண்டது! அத்தை அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "பயப்படாதடா ராஜா, மாப்பிள்ளை ஊர்வலம் போவுது" என்று சமாதானம் சொன்னார். நாயைத் தொடவே யோசிக்கும் அத்தை! அந்த ஒரு காட்சிக்காகவே நான் மறுபடியும் போவேன்.

பாலத்தைத் தாண்டினால் ஜோங்கர் வீதி. அதன் பெயர்ப்பலகையைப் பாருங்கள்: ஜாலான் ஹங் ஜெபாட். அந்தச் சனிக்கிழமை முழுக்க அந்த வீரன்தான் எங்களை விடாமல் துரத்தினான். ஹிக்காயத் ஹங் துவாவில் வரும் கதை உங்களுக்குத் தெரியும்: வீண்பழியால் நண்பன் துவாவுக்குச் சுல்தான் மரண தண்டனை விதிக்க, அது தாளாமல் அரண்மனையிலேயே கலகம் செய்தவன் ஜெபாட், ஒளித்து வைக்கப்பட்டிருந்த அதே துவாவை அழைத்துவந்து அவனைக் கொல்லச் செய்தார் சுல்தான். அவனுடைய சமாதி ஜோங்கருக்குப் பக்கத்திலேயே கம்போங் கூலியில் இருக்கிறது. ஹங் துவாவின் சமாதி என்று சொல்லப்படுவதோ நம் பக்கம் தஞ்சோங் கிளிங்கில். துவா நியாயமா ஜெபாட் நியாயமா என்று என் மகளும் அவள் அப்பாவும் வீதி முழுக்க வாதாடிக்கொண்டே நடந்தார்கள். நான் ஜெபாட் கட்சி.

வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் இந்த வீதி இரவுச்சந்தையாகிவிடும்; அப்போது நாயோடு உள்ளே போனால் அதன் வாலுக்கு நான் பொறுப்பில்லை. காலையில் கடைகள் சோம்பல் முறித்துக் கொண்டிருக்கும்போது போவதுதான் அழகு. அடுத்த தெருவில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில், 1781ல் மலாக்கா செட்டிமார் எழுப்பியது. ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே போய்க் கும்பிட்டோம், ஒருவர் தள்ளி நின்று நாய்களைப் பிடித்துக்கொண்டோம். "பைரவர் வாகனத்தை வெளியில நிறுத்திட்டுப் பிள்ளையாரைப் பார்க்கப் போறோம், கோவிச்சுக்க மாட்டாரு" என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். அதே வரிசையில்தான் கம்போங் கிளிங் பள்ளிவாசல். அங்கே வரும்போது எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுங்கள். தொழுகைக்கு வருபவர் மேல் நாய் உரசினால் அவருக்கு அது எவ்வளவு சங்கடம் என்று மலேசியாவில் வளர்ந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஒரு நாசூக்கு இருந்தால் போதும், நாயோடு நகரத்தில் நடப்பவனை யாரும் முறைப்பதில்லை. சிரித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

ஒன்பதரைக்கு வெயில் ஏற ஆரம்பித்துவிடும். புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள். சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும், உடனே காடிக்குத் திரும்புங்கள். என் வீட்டுக்காரர் லிட்டல் இந்தியாவில் இறங்கி வாழையிலைச் சாப்பாட்டைத் தாப்பாவ் பண்ணிக்கொண்டு வர, நாங்கள் காடிக்குள் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு காத்திருந்தோம். நாயைப் பூட்டிய காடியில் தனியாக விட்டுப் போகவே போகாதீர்கள், ஐந்து நிமிடம்கூட வேண்டாம். ஒருவர் கூடவே இருக்க வேண்டும். திரும்பும் வழி கடற்கரைச் சாலை. கிளேபாங்கில் நிறுத்தி ஆளுக்கொரு தேங்காய் ஷேக். ஐஸ்கிரீம் மிதக்க, இளந்தேங்காய் வழுக்கையோடு... ஐயோ, எழுதும்போதே நாக்கு ஊறுகிறது! பிரான்ஸ் நாட்டின் பழைய நீர்மூழ்கிக் கப்பல் அங்கே தரையில் நிற்பதைச் சின்னவன் சன்னல் வழியாகவே பார்த்துக் கும்மாளம் போட்டான். மத்தியானத்துக்குள் வீடு. மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாயும் கால் நீட்டிப் படுத்த படுப்பில் அசைவே இல்லை. நடந்து களைத்த நாய் குரைப்பதில்லை. இரவு ஆட்டத்துக்கு நிம்மதியாகப் போக இதைவிட நல்ல மருந்து வேறில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கும் சந்தோஷம்.

இரவுக்குப் பச்சைச் சட்டை! மலாக்கா யுனைடெட் உரிமம் கிடைக்காமல் 2023ல் லீக்கிலிருந்து காணாமல் போனபோது எங்கள் வீட்டில் ஏறக்குறைய துக்கம். பிறகு மலாக்கா எஃப்சி கீழே இருந்து ஏறி 2025-26 பருவத்துக்குச் சூப்பர் லீக்கில் கால் வைத்ததும் அலமாரியில் இருந்த பச்சைச் சட்டைகளுக்கு மறுபடி சோப்பு போட்டோம். 40,000 பேர் உட்காரக்கூடிய அரங்கம். முழுக்க நிரம்பாவிட்டால் என்ன? நிரம்பாததால்தான் பிள்ளைகள் காலை நீட்டி உட்கார முடிகிறது, பாக்கிங் கிடைக்கிறது, முடிந்ததும் சட்டென்று வீடு வர முடிகிறது. விளக்குகள் எரியும் அந்தப் பச்சைத் திடலை முதல் தடவை படியேறிப் பார்க்கும் பிள்ளையின் முகம் இருக்கிறதே! தொலைக்காட்சியில் நூறு ஆட்டம் பார்த்தாலும் அது வராது. கையில் கச்சாங் பூத்தே பொட்டலம். ஈப்போ புந்தோங்கில் நம்மவர்கள் வளர்த்தெடுத்த தொழில் அது. அதைக் கொறிக்காமல் பார்த்த ஆட்டத்தை நான் ஆட்டமாகவே கணக்கில் வைப்பதில்லை. அத்தைக்கு ஆஃப்சைடு இன்னமும் விளங்கவில்லை. ஆனால் நடுவரைத் திட்டுவதற்கு அது தேவையில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்; எங்கள் வரிசையிலேயே பெரிய குரல் அவருடையதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்கார பாச்சிக் சிரித்துச் சிரித்துத் தன் குவாச்சியில் பாதியை அவரிடமே கொடுத்துவிட்டார்.

முடிவு என்ன ஆனால் என்ன, வீடு வந்து கேட்டைத் திறக்கும்போது வாலாட்டிக்கொண்டு ஓடி வருபவர்களுக்கு ஸ்கோர் முக்கியமில்லை. மகள் மட்டும் படுக்கப் போகும்போது, அடுத்த முறை பள்ளி சாஃப்ட்பால் ஆட்டத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றாள். வேலிக்கு வெளியே மரநிழலில் நாய்களை நிறுத்தலாமா என்று பள்ளியில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

புக்கிட் ரம்பாய், தஞ்சோங் மின்யாக், செங், பாயா ரும்புட் பக்கம் இருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, நாய் வளர்க்கிறீர்களென்றால் சொந்தத் திடலில் மலாக்கா ஆடும் அடுத்த சனிக்கிழமை எது என்று இப்போதே பார்த்து வையுங்கள். காலை ஆறரைக்குக் கிளம்புங்கள், தண்ணீரையும் வில்லையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் அரங்கத்தில் நடுவரை யாராவது தமிழில் திட்டும் சத்தம் கேட்டால் அது எங்கள் அத்தைதான். வந்து பக்கத்தில் உட்காருங்கள், கச்சாங் பூத்தே எங்கள் செலவு.